நோன்பு நாளில் குடித்த தண்ணீர்

1935 நவம்பர் 30
மழை. கடைவாசலில் தொங்கவிட்ட கம்பளிகள் நனைந்துவிட்டன என்று அத்தா காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை. அடுப்படியில் காயப்போட்டேன். வீடெல்லாம் ஆட்டு வாடை. மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடைத்தெருவில் போவதைப் வீட்டையும் கடையையும் பிரிக்கும் படுதா இடுக்கில் பார்த்தேன். நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்று மூன்று வருஷம் ஆகிறது.

டிசம்பர் 6
அம்மா பகலில் தண்ணீர் குடித்ததைப் பார்த்துவிட்டேன். கொல்லையில் விறகுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு செம்பு முடித்து இன்னொரு செம்பு. இந்தக் குளிரில்!

அம்மாவுக்கு எட்டாம் மாதம். பிள்ளை சுமப்பவள் நோன்பை விட்டுப் பிறகு பிடிக்கலாம், குற்றமில்லை. ஆனால் என்னைச் சுமந்தபோது முப்பதும் பிடித்தவள் என்று அத்தா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அத்தாவின் அக்கா ஆமினா மாமியும் இங்கேதான் இருக்கிறாள். அவள் வாயில் யார் விழுவது?

"யாருகிட்டயும் சொல்லிறாதடி. ஒங்கத்தாகிட்டக்கூட."

என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு சொன்னாள். உள்ளே பிள்ளை உதைத்தது. சரி என்றேன்.

டிசம்பர் 19
அம்மாவின் காலை அமுக்கினால் குழி விழுகிறது. கொல்லையில் அவள் ஒண்ணுக்குப் போகும் கல்லைச் சுற்றி எறும்பு. இந்த மாதத்தில் எறும்பையே பார்க்க முடியாது. நேற்றே கழுவிவிட்டேன். இன்றும் வந்திருக்கின்றன. எதற்கு வருகின்றன?

1936 ஜனவரி 9
தம்பி பிறந்தான்! பெரிய பிள்ளை. மருத்துவச்சி பொன்னுத்தாய் தொப்புள்கொடியை அறுப்பதற்கு முன்னால் பிள்ளை பக்கமாக மூன்று தரம் உருவிவிட்டாள். தாய் இரத்தம் வீணாகக் கூடாதாம். எவ்வளவு சிவப்பு! உள்ளங்கால் வரைக்கும் பிளம்ஸ் பழம்தான்.

"தொரை வீட்டுப் பிள்ளையாட்டம்ல இருக்கான்" என்றாள் மாமி. "மலைக் குளிர்ல பெறந்தா இப்படித்தேன். நாங்க அய்யம்பாளையத்து வெயில்ல பெறந்து கருகிப் போனோம்."

அம்மாகூடச் சிரித்தாள். அத்தா தம்பியின் காதில் பாங்கு சொல்லிவிட்டு, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார்.

ஜனவரி 10
தம்பி பால் குடிக்கவில்லை. தூங்குகிறான், தூங்குகிறான்.

ஜனவரி 11
அழுதால் ஊதா நிறமாகிறான். நகமெல்லாம் நீலம். இடது கை தானாக வெட்டி இழுக்கிறது. குளிர்தான் என்று மாமி கரிச்சட்டி வைக்கச் சொன்னாள். வைத்தேன். பிறகு அத்தாவுக்கே பயம் வந்துவிட்டது. அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் தம்பியைத் தூக்கிக்கொண்டு அத்தா பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வெள்ளைக்கார டாக்டரம்மா தமிழ் பேசுகிறார். மார்பில் சளி இல்லை என்றார். தாய்க்கு வீக்கம் இருந்ததா, தண்ணீர் அதிகமாகக் குடித்தாளா என்று கேட்டார்.

"முப்பது நோன்பும் பிடிச்சவ. ஒரு நோவும் கெடையாதுங்க" என்றார் அத்தா.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அத்தா பக்கத்தில் நிற்கிறார், கம்பவுண்டர் நிற்கிறார். அம்மாவிடம் சரி என்றிருக்கிறேன். வாய் வரவில்லை. தம்பியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

ஜனவரி 12
வெள்ளனே இரண்டு தரம் வலிப்பு. அத்தா தொழப் போனதும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். தண்ணீர், கால், எறும்பு. எறும்பு என்றதும் டாக்டரம்மா எழுந்துவிட்டார். தம்பியின் குதிகாலில் ஊசியால் குத்தினார். இரத்தம் சொட்டவில்லை. கருப்பட்டிப் பாகு போல மெதுவாகத் தலைகாட்டி அங்கேயே நின்றுவிட்டது.

சிவப்பு நல்லதில்லையா என்று கேட்டேன். இல்லையாம். அம்மா உடம்பில் சர்க்கரை மிஞ்சிவிட்டது. அதனால் வயிற்றுக்குள் பிள்ளைக்கு மூச்சு போதவில்லை. அதை ஈடுகட்டப் பிள்ளையின் உடம்பு இரத்தத்தைப் பெருக்கிக்கொண்டது. பெருகினால் கெட்டியாகும், கெட்டியானால் ஓடாது. கொடியை உருவியதில் இன்னும் கூடிவிட்டது. புத்தகங்களில் இது தெளிவாக இல்லை, இப்படி இரண்டு பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன் என்றார். அவர்கள் இப்போது இருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை.

கொஞ்சம் இரத்தத்தை எடுத்துவிட்டு உப்பு நீர் ஏற்றினார்கள்.

ஜனவரி 13
நகத்தில் நீலம் குறைந்த மாதிரி இருந்தது. எனக்குத்தான் அப்படித் தெரிந்ததோ.

ஜனவரி 14
சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு போய்விட்டான். ஏழாம் நாள் வைக்க இருந்த பெயரை இன்றைக்கே வைத்தார்கள். சாகுல் ஹமீது.

ஜனவரி 16
பதினொன்றாம் தேதியே சொல்லியிருந்தால்? தம்பி போன அன்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். தெரியாது என்றார். அப்போதும் பிழைத்திருக்க மாட்டான் என்று சொல்லியிருக்கலாம். பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஒரு நாள். முழுசா ஒரு நாள் வாயப் பொத்திக்கிட்டு நின்னேன்.

அடுத்த பிள்ளை தங்குமுன் அம்மாவை அழைத்து வரச் சொன்னார். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 29
அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். "நோன்புல ஒளிச்சுக் குடிச்சேன்ல, அதுக்குத்தேன் படைச்சவன் எடுத்துக்கிட்டான்" என்கிறாள், என்னிடம் மட்டும். தண்ணீர் அல்ல அம்மா, அந்தத் தாகம்தான் நோய். இதைச் சொல்ல இரண்டு தரம் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு தரமும் காலைப் பிடித்துவிட்டு எழுந்து வந்தேன். என்னையே திட்டிக்கொண்டேன், ஏன்டீ ஆசியா, ஒனக்கு வாயே இல்லையா?

மார்ச் 3
ஒன்றுமில்லை.

1937 நவம்பர் 18
மறுபடியும் நோன்பு மாதம். அம்மாவுக்கு ஐந்தாம் மாதம். காலையில் கொல்லைக் கல்லைச் சுற்றி எறும்பைப் பார்த்தேன். கழுவவில்லை. விறகுக்குப் பின்னால் போனேன். அம்மா செம்போடு இருந்தாள். என் கையைப் பிடித்து வயிற்றுக்குக் கொண்டுபோனாள்.

"சொல்லிறாதடி."

கையை உருவிக்கொண்டேன். படுதாவைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் போனேன். வயசுக்கு வந்த பிறகு அங்கே கால் வைத்ததில்லை. மேல்மலையிலிருந்து வந்த போளூர்க்காரர்கள் நாலு பேர் கம்பளியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போ என்று அத்தா கண்ணால் காட்டினார்.

"அம்மா பகல்ல தண்ணி குடிக்கிதுத்தா. போன தடவையும் குடிச்சுச்சு. எனக்குத் தெரியும். டாக்டரம்மா அன்னைக்கு அதத்தேன் கேட்டாக."

அத்தா கையிலிருந்த கம்பளியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். போளூர்க்காரர்களைச் சாயங்காலம் வரச் சொன்னார். பிறகு கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போக நான் அம்மாவின் செருப்பைத் தேடி எடுத்து வைத்தேன். வீக்கத்தில் நுழையவில்லை. அத்தாவின் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.