வீசாத பந்து

ஒக்லஹோமா,
5 யூன் 2019

அன்புள்ள நிறோஷினிக்கு,

நீர் சுகமாக இருப்பீர் என்று நம்புகிறேன். ஃபோனில் சொல்லப் போனால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். என்னை எடுத்துவிட்டார்கள்! மேஜர் லீக் பேஸ்போல் அணிகள் ஆண்டுதோறும் கல்லூரிப் பெடியன்களைத் தெரிந்தெடுப்பார்கள் என்று சொன்னேனே, இன்று பதினெட்டாவது சுற்றில் என் பெயர் வந்தது. தாரகனை "தாரா கான், டென்மார்க்" என்று வாசித்தார்கள். என் அறைத்தோழன் கட்டிலில் ஏறிக் குதித்தான்.

ஆனால் எடுத்தவுடன் மேலே போக முடியாது. கீழே சின்ன ஊர்களில், சின்ன அணிகளில் படிப்படியாகப் பந்து எறிந்து காட்ட வேண்டும். மேலே போய்ச் சேர்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். எனக்கு இரண்டு வருடம் தாரும். போனதும் உம்மைக் கூப்பிடுவேன்.

அப்பாவிடம் சொன்னேன். "கிரிக்கெட்டெண்டாலும் எனக்கு விளங்கும். சரி, கையைக் கவனமாப் பார்" என்றார்.

என்றும் உமது,
தாரகன்

இஷொய்,
22 ஒகஸ்ட் 2021

என் அன்புள்ள தாரகனுக்கு,

நானும் மாமா மாமியும் சுகம். உங்கள் சுகத்தை ஃபோனில் கேட்டால் டேனிஷில் "ஃபீன்ற், ஃபீன்ற்", நல்லம் நல்லம், என்பதோடு சரி. கடிதத்தில்தான் நீங்கள் என்னோடு தமிழில் கதைக்கிறீர்கள். ஐந்தாம் வகுப்புவரை யாழ்ப்பாணத்தில் படித்த அந்தக் கையெழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. எழுதுங்கள்.

முதியோர் இல்லத்தில் என் வேலை நிரந்தரமாகிவிட்டது. அங்கே ஒரு அம்மா, புருஷன் என்ன செய்கிறார் என்று கேட்டா. பேஸ்போல் என்றேன். "அதை டென்மார்க்கில் ஒருவரும் விளையாடுவதில்லையே!" என்றா. "அதுதான் அவர் இங்கே இல்லை" என்றேன். அவவும் சிரித்தா, நானும் சிரித்தேன்.

போன வருடம் கொரோனாவால் உங்கள் ஆட்டங்கள் நின்றபடியால்தான் நமக்குக் கலியாணம் நடந்தது. கொரோனாவுக்கு நன்றி சொல்லும் ஒரே பெண்சாதி நானாகத்தான் இருப்பேன்.

மாமி இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்து, "அவன் சாப்பிடுறானோ எண்டு கேள் பிள்ளை" என்கிறா. சாப்பிடுகிறீர்களா? நீங்கள் கேட்ட இரண்டு வருடம் முடிந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னேன்.

உங்கள்,
நிறோஷினி

இஷொய்,
4 செப்ரெம்பர் 2022

அன்புள்ள தாரகனுக்கு,

மாமா ஃபோனில் சொன்னதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. ஏப்ரலில் நான் அங்கே வந்து உங்களோடு இருந்தபோது கிடைத்த பிள்ளை, ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டது. பெண்பிள்ளை. தாதி ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் தந்தா. விரல்கள் உங்களுடையவை போல நீளம்.

பெட்டியை மாமாதான் தூக்கினார். ஒரு கையால் தூக்கக்கூடிய பாரம்தான். இரண்டு கையாலும் தூக்கினார்.

"இந்தக் கிழமைதான் மேல்படிக்கு ஏத்தினவங்கள், இப்ப விட்டிட்டு வந்தா அந்த இடம் போயிடும்" என்று நீங்கள் சொன்னபோது நான் ஓம் என்றேன். பக்கத்தில் மாமி, "வரச் சொல்லு பிள்ளை, வரச் சொல்லு" என்று அழுதுகொண்டு நின்றா. நான் சொல்லவில்லை. நீங்களாக வருவீர்கள் என்று நினைத்தேன்.

உடம்பு தேறி வருகிறது. யோசிக்க வேண்டாம்.

நிறோஷினி

நாஷ்வில்,
20 செப்ரெம்பர் 2022

நிறோஷினி,

உம்முடைய கடிதத்தை பஸ்ஸில் வாசித்தேன். சுற்றிவரப் பெடியன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் எறியக் கூப்பிட்டார்கள். எறிந்தேன். என் வாழ்நாளில் அப்படி எறிந்ததில்லை. ஒருவனாலும் தொட முடியவில்லை. பயிற்சியாளர் முதுகில் தட்டினார். கழுவும் அறைக்குப் போய்ச் சத்தி எடுத்தேன்.

பிள்ளைக்குப் பெயர் வைத்தீரா? நான் கேட்கவேயில்லை. சீசன் முடிந்ததும் வாறன். அதுவரை என்னை வெறுக்காமல் இரும்.

தாரகன்

சியாட்டில்,
9 யூலை 2024

நிறோஷினி!

கூப்பிட்டுவிட்டார்கள்! மேஜர் லீக்! ஒருவருக்குக் காயம், அவருடைய இடத்துக்கு நான். பயிற்சியாளர் அறைக்குக் கூப்பிட்டு, "பெட்டியைக் கட்டு, நீ மேலே போகிறாய்" என்றார்.

என் பெயர் போட்ட உடுப்பு கொழுவியிருந்தது. என் சப்பாத்தை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். மைதானம் நிரம்பினால் இஷொயைப் போல இரண்டு ஊர்ச்சனம் உள்ளே இருக்கும்.

அப்பாவுக்குச் சொன்னேன், இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். அம்மா சாமி அறையை விட்டு வரவில்லையாம். உமக்கு மூன்று முறை எடுத்தேன். வேலையாக இருந்திருப்பீர். உமக்கு ரிக்கெற் பார்க்கிறேன். நீர் பட்டதெல்லாம் இதற்குத்தானே?

உமது,
தாரகன்

ஃபீனிக்ஸ்,
28 செப்ரெம்பர் 2024

அன்புள்ள நிறோஷினிக்கு,

நீர் பதில் போடவில்லை. பரவாயில்லை.

மேலே இருந்தது இரண்டு கிழமைகூட இல்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் என்னை ஆயத்தமாகச் சொன்னார்கள். எழும்பிக் கை சூடாக்கினேன். நான் உள்ளே ஓடுவதற்காக வேலிக் கதவில் ஒருவர் கை வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, எறிந்துகொண்டிருந்தவன் அந்தச் சுற்றில் அடிக்க வந்த கடைசி ஆளையும் வெளியேற்றிவிட்டான்; இனி நான் தேவையில்லை. "இரு" என்றார்கள். இருந்தேன். இரண்டு நாளில் காயக்காரன் திரும்பி வந்தான், என்னைக் கீழே அனுப்பினார்கள்.

ஒரு பந்தாவது எறிந்தால்தான் மேஜர் லீக்கில் விளையாடியவன் என்று பெயர் பதிவார்கள். நான் எறியவில்லை.

போன கிழமை ஒப்பந்தத்தையும் முடித்துவிட்டார்கள். முழங்கை முன்னைப்போல இல்லையாம். எனக்கு இருபத்தாறு வயது, கையில் ஒரு படிப்பும் இல்லை. இனி எந்த அணியும் எடுக்காது. வாறன் நிறோஷினி. ஏதும் வேலை எடுக்கிறேன். நாம் தனியாக ஒரு வீடு பார்ப்போம். வா என்று ஒரு சொல் எழுதும்.

உமது,
தாரகன்

ஹொல்ஸ்டெப்ரோ,
16 ஒக்ரோபர் 2024

அன்புள்ள தாரகனுக்கு,

நான் இஷொயை விட்டு இங்கே என் அக்கா துஷாராவிடம் வந்து ஒரு மாதமாகிறது. உங்கள் கடிதத்தை மாமா இங்கே அனுப்பி வைத்தார். இங்கேயும் முதியோர் இல்லத்தில்தான் வேலை.

அந்த ஞாயிறு ஆட்டத்தை நான் பார்த்தேன். இங்கே நடுச்சாமம், எனக்கு இரவு வேலை. வேலையிடத்துக் குசினியில் ஃபோனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். உங்களைக் கொஞ்ச நேரம் காட்டினார்கள். பந்தை உருட்டியபடி பக்கத்தில் நின்றவரோடு சிரித்தீர்கள். அந்த முகத்தை நான் கலியாணத்துக்குப் பிறகு கண்டதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. "கடவுளே, ஒரு பந்தாவது எறியட்டும்" என்றுதான் கேட்டேன். நீங்கள் திரும்பிப் போய் வாங்கில் இருந்தபோது உங்களுக்காக அழுதேன். அழுது முடிய, நம் இருவருக்காகவும் அழ எனக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று விளங்கியது.

பிள்ளை போன அந்தக் குளிர்காலம் நீங்கள் வந்தீர்கள். அவள் இருக்கிற இடத்துக்கு ஒருமுறை போனோம். மற்ற நாளெல்லாம் கார் தரிப்பிடச் சுவருக்குப் பந்து எறிந்தீர்கள். "பொறு பிள்ளை, ஆம்பிளையள் அப்பிடித்தான் அழுவினம்" என்றா மாமி. பொறுத்தேன். தை மாதம் போய்விட்டீர்கள். அவளுடைய பெயரைப் பற்றி நேரில் நீங்கள் கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை.

நீங்கள் வென்றிருந்தால் இதை எழுதுவது சுலபம். விழுந்து கிடக்கிற நேரத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். போக வேறு இடமில்லாததால் என்னிடம் வருகிறீர்கள். அப்படி வருகிறவருக்குச் சோறு போடலாம். பெண்சாதியாக இருக்க என்னால் ஏலாது.

விவாகரத்துக்குப் பதிந்துவிட்டேன். அரசாங்கத்தின் டிஜிட்டல் போஸ்டில் உங்களுக்கு வரும். ஓம் என்று மட்டும் கொடுங்கள். சண்டை வேண்டாம்.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். "விமான நிலையத்துக்கு நான் போறன். நீ யோசியாதை பிள்ளை" என்றார். உங்கள் ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து அவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையாம். வந்ததும் அவரோடு இருந்து ஒருவாய் சாப்பிடுங்கள்.

நிறோஷினி