அரை டம்ளர் டீ

மார்ச் 4

அண்ணனை ஒருவழியாக அந்தக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டேன். நூலகத்து மாடி. மூளை நோயைப் பரம்பரைச் சொத்தாக வாங்கிய குடும்பங்கள் கூடும் இடம். எங்கள் அம்மா விட்டுப்போனதை அண்ணன் ஏற்கெனவே அனுபவிக்கிறான். கையும் காலும் அவன் பேச்சைக் கேட்பதில்லை. என் பங்கு வருமா என்பது பாதிக்குப் பாதி. ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். எனக்கென்ன அவசரம்?

நடத்துகிறவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மனைவியை இதே நோய்க்குப் பறிகொடுத்தவர். ஆளுக்கு அரை டம்ளர் டீ ஊற்றினார். என்ன தாராள மனசு!

மார்ச் 11

மருந்துக்கடையில் எண்ணும்போது ஒரு மாத்திரை கீழே விழுந்தது. நாள் முழுக்க என் விரல்களையே உளவு பார்த்தேன். ராத்திரி தூங்கலையா என்றார் முதலாளி. தூக்கம்தானே, அது கிடக்கிறது.

மார்ச் 18

இன்றைக்கு வள்ளல் அவதாரம் எடுத்தேன். பெரிய பிளாஸ்கில் டீ கொண்டுபோய் எல்லாருக்கும் விளிம்பு வரை ஊற்றினேன். ஒருவரும் தொடவில்லை. தங்கச்சி மானத்தைக் காப்பாற்ற அண்ணன் எடுத்தான். பாதி சட்டைக்குப் போனது.

டிரைவர் துண்டால் துடைத்துவிட்டபடியே சொன்னார்: "எல்லாருக்கும் அரை ஊத்தினா யாருக்கும் சிந்தாதும்மா. யாரு கை ஆடுதுன்னும் கண்ணுல படாது."

நான் ஒரு மண்டு. மண்டுக்குப் பிளாஸ்க் வேறு.

ஏப்ரல் 2

ரத்தம் கொடுத்துவிட்டேன். அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

மே 7

எனக்கு இல்லை. சந்தோஷமா இருங்க என்றார் டாக்டர். அதையும் சீட்டில் எழுதித் தந்திருந்தால் எங்கள் கடையிலேயே வாங்கியிருப்பேன்.

அவன்கிட்ட எந்த வாயால சொல்றது? ஒரே வயித்துல பொறந்தோம் — அவனுக்கு மட்டும் ஏன்? அழுகையா வருது.

மே 13

நூலக மாடிப்படியில் அண்ணனே நின்று கேட்டான். சொன்னேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அப்பாடா. இனி என்னைப் பாத்துக்க ஆள் நிச்சயம். ஓடிடாத."

மேலே டிரைவர் எனக்கும் வழக்கம்போல அரை டம்ளர்தான் ஊற்றினார். இனி எனக்கெதற்கு அரை, நிரப்பச் சொல்லலாம் என்று டம்ளரை எடுத்தேன். கை வெடவெடவென்று ஆடியது, நோயில்லாத கை.

ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.