மூன்றாவது வயர்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அத்தை மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். உயிரோடு இருக்கிறோம் என்று எழுதியதைப் பார்த்துப் பதறாதே, ஆனால் யோசித்துத்தான் எழுதினேன். போன வாரம் கையைச் சுட்டுக்கொண்டேன் என்று அம்மா உன்னிடம் போனில் சொன்னாள் இல்லையா, அவள் சுட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குக் கரண்ட் அடித்தது. அடித்தது என்னால். இதை உன்னிடம் போனில் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன், இரண்டு தடவையும் அங்கே மழையா வெயிலா என்று கேட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

நீ போன பிறகு அம்மா ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு பன் செய்து கொடுக்க ஆரம்பித்தது உனக்குத் தெரியும், அதற்காக ஒரு பழைய பெரிய ஓவனை வாங்கிச் சமையலறையில் சிங்குக்குப் பக்கத்தில் வைத்ததும் தெரியும். உனக்குத் தெரியாதது, மூன்று மாசமாக அந்த ஓவன் சூடேறிப் பத்து நிமிஷம் ஆவதற்குள் மெயின் போர்டில் இருக்கிற ட்ரிப் ஸ்விட்ச் டப்பென்று விழுந்துவிடும். வீடு முழுக்க ஃபேன் நிற்கும், கூடத்தில் டிவி அணையும், அத்தை அங்கிருந்தே என் பேரைச் சொல்லிக் கத்துவாள், பன் மேலே சிவந்து உள்ளே மாவாகவே இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமே என்று அம்மா எத்தனையோ முறை சொன்னாள். முப்பத்திரண்டு வருஷம் லேத்தில் நின்றவன் வீட்டில் இருக்கும்போது ஒரு ஓவனுக்கு வெளியாள் எதற்கு என்று நான் முறுக்கிக்கொண்டேன். ஒருநாள் ஓவனின் பிளக்கைப் பிரித்தேன். உள்ளே மூன்று வயர். பச்சை வயரைக் கழற்றிவிட்டால் ட்ரிப் ஆகாது என்று பட்டறையில் யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் இருந்தது, கழற்றி டேப் சுற்றிவிட்டேன். ட்ரிப் ஆவது நின்றுபோயிற்று சிட்டு. அன்றைக்கு நாற்பது பன்னும் ஒரே சீராக வெந்து வந்தது, நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அம்மா வந்து, ஓவன் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்றாள். நான் போய்த் தொட்டுப் பார்த்தேன், கால் செருப்போடு, கை காய்ந்து, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உனக்கு வயசாகிறது, நரம்பு இழுக்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். அத்தையும் சேர்ந்து சிரித்தாள். மறுபடி இரண்டு நாளில், அவள் ஈரக்கையோடு தொட்ட நேரத்தில் ட்ரிப் ஸ்விட்ச் விழுந்தது. ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவள் தொட்டால் விழுகிறதே என்று பார்க்காமல், இந்த ஸ்விட்ச்தான் கெட்டுப்போய்விட்டது, சும்மா சும்மா விழுகிறது என்று நானே முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டூல் போட்டு ஏறி, அந்த ஸ்விட்ச் வழியாகப் போகாமல் அதைச் சுற்றி ஒரு வயரை இழுத்து ஓவனுக்குக் கொடுத்தேன். இனிமேல் உன் ஓவன் நிற்கவே நிற்காது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த வார்த்தை இப்போதும் காதில் கேட்கிறது.

திங்கட்கிழமை காலை நான் சமையலறை வாசலில் டீ கிளாஸோடு நின்றிருந்தேன். அம்மா கை கழுவ ஒரு கையால் குழாயைத் திறந்தாள், அதே நேரம் பன் கருகிவிடுமோ என்று இன்னொரு கையால் ஓவன் கைப்பிடியைப் பிடித்தாள். அவ்வளவுதான். சத்தமே வரவில்லை சிட்டு. சினிமாவில் காட்டுகிற மாதிரி அலறவில்லை, நெருப்புப் பொறி பறக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டாள், தோள் மட்டும் நடுங்கியது, கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு என்ன நடக்கிறது என்று புரிய எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. கிளாஸைப் போட்டுவிட்டு அவளை இழுக்கப் பாய்ந்தேன். பின்னாலிருந்து அத்தை, "அவளைத் தொடாதடா" என்றாள். தீக்குச்சி கிழிக்கவே முகத்தைத் திருப்பிக்கொள்கிற உன் அத்தை, முட்டிவலியில் சுவரைப் பிடித்து நடக்கிறவள், எப்படி ஓடினாளோ, மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்துவிட்டாள். அம்மா துணி மாதிரிச் சரிந்தாள். மூச்சு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்து, பன் என்னாச்சு என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்து நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது உள்ளங்கையில் தீக்காயம், இரண்டு விரல் இன்னும் மரத்துக் கிடக்கிறது, போகப்போகச் சரியாகும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இன்னும் ஒரு நிமிஷம் ஆகியிருந்தால் என்று நான் ஆரம்பித்தேன், அவர் சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். உன்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கும், ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண். போர்டு மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு, "இதைப் போட்டது யாரு?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உன் அம்மா, முன்னாடி குடியிருந்தவர்கள் போட்டது என்று சொன்னாள். எனக்கு அன்றைக்குக் கரண்ட் அடித்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது. எனக்காக அவள் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. நான்தாம்மா போட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. ஓவனைப் பிரித்து, சூடேற்றுகிற கம்பியில் ஒரு விரிசலைக் காட்டினாள், அது வழியாகக் கரண்ட் ஓவன் உடம்பு முழுக்கக் கசிந்திருக்கிறது, கசிந்ததை மண்ணுக்குக் கொண்டுபோகத்தான் அந்தப் பச்சை வயர் என்றாள். ஸ்க்ரூ டிரைவரைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள், "இந்த ஸ்விட்ச் உங்களைத் தொந்தரவு பண்ணலை ஐயா. மூணு மாசமா அம்மாவைக் காப்பாத்திட்டு இருந்துச்சு."

இப்போது எல்லாம் புதுசு, கம்பி, வயர், ஸ்விட்ச், எல்லாவற்றையும் அவளே போட்டு, மீட்டர் வைத்துச் சோதித்துக் காட்டினாள். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் மாவு பிசைகிறேன், கேன்டீன்காரர் மரியாதைக்கு நன்றாயிருக்கிறது என்கிறார். ஓவனைத் திறக்க வேண்டிய ஒவ்வொரு தடவையும், முதலில் நீங்கள் தொடுங்கள் என்கிறாள் அம்மா. நான் தொடுகிறேன். அவள் என்னை இதுவரை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம். நேற்று அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன், நான் பின்னினால் கயிறு திரித்த மாதிரி இருக்கிறது என்று அத்தை அவிழ்த்து மறுபடி பின்னுவது வேறு விஷயம், அப்போது திரும்பிப் பார்க்காமலே கேட்டாள், "சுருக்குன்னு இருக்குன்னு நான் சொன்னேனே, நீங்க ஏன் நம்பலை?" முப்பத்தைந்து வருஷத்தில் இப்படி எத்தனை தடவை சிரித்துத் தள்ளியிருக்கிறேனோ என்று ராத்திரியெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன். இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். முதல் பக்கத்தில் இதை விபத்து என்று எழுதியிருந்தேன், அந்த வார்த்தையை அடித்துவிடச் சொன்னாள். அடித்துவிட்டேன்.

உன் அறையில் இருக்கிற தண்ணீர் கெட்டிலைத் தூக்கி வெளியே வை என்று நேற்று போனில் சொன்னேன், நீ சிரித்தாய். அதைத் தொட்டால் கை கூசுகிறது என்று போன மாசம் நீதான் சொன்னாய், செருப்புப் போட்டுக்கொள் என்று சொன்னவன் நான். அது தப்பு. வீட்டுக்காரரிடம் சொல்லி அந்த அறையின் வயரை ஆள் வைத்துப் பார்க்கச் சொல், அவர் சிரித்தாலும் விடாதே. உனக்குக் கை கூசுகிறது என்றால் கூசுகிறதுதான். அப்பாவே இல்லை என்று சொன்னாலும் நம்பாதே.

அத்தை உன்னை நெற்றியில் முத்தமிட்டதாக எழுதச் சொன்னாள். அம்மா கை சரியானதும் அவளே எழுதுவாள். நீண்ட ஆயுசோடு, எந்தக் குறையும் இல்லாமல் நீ இருக்க வேண்டும்.

உன் அப்பா