கிளாராவின் முதுகுக்குச் சொன்னது

மரியே வாழ்க!
குறும்பனை,
4.6.2006

அன்புள்ள பெபிஷாவின் அப்பாவுக்கு,

கிளாரா எழுதுவது. நானும் மகளும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு விடவில்லை. முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு கட்டி. மீன் நிறைந்த அலுமினியச் சருவத்தைத் தூக்கக் கையை நீட்டினால் கோழிமுட்டை அளவுக்குப் புடைக்கிறது. கையைத் தொங்கவிட்டால் உள்ளே போய்விடுகிறது. நாகர்கோவிலில் டாக்டரம்மா முன்னால் பயத்தில் கையைத் தொங்கவிட்டபடியே விறைத்து நின்றேன். தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்றார். உங்கள் அண்ணனும் கட்டி வந்துதானே போனார்? பயமாக இருக்கிறது. இரண்டு வருடமாக லீவுக்கு வரவில்லை, இந்தத் தடவையாவது வாருங்கள்.

உங்கள்
கிளாரா

22.6.2006

அன்புள்ள பெபிஷாவின் அப்பாவுக்கு,

மறுபடி போனோம். கூட வந்த மகள், "ஏம்மா, சருவம் தூக்குத மாதிரி கைய நீட்டும்மா" என்று டாக்டரம்மா முன்னாலேயே அதட்டினாள். நீட்டினேன். கட்டி வந்தது. இடது பக்கமும் சின்னதாக ஒன்று! செத்தேன் என்று நினைத்தேன். டாக்டரம்மாவோ சிரிக்கிறார். ஸ்கேனும் எடுத்தாயிற்று. வருடக்கணக்காகப் பாரம் தூக்கி, தோள் எலும்பு விலாவில் உரசி வளர்ந்த நார்க்கட்டியாம். புற்று இல்லை, கத்தியும் வேண்டாம்.

கிளாரா

பஹ்ரைன்,
9.7.2006

அன்பு கிளாராவுக்கு,

மரியஜான் எழுதுவது. உன் கடிதம் படித்துவிட்டு, படகில் கூட வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். இனிச் சொல்லலாம். எனக்கும் இடது தோளுக்குக் கீழே இரண்டு வருடமாக ஒரு கட்டி. ஒரு பக்கம் மட்டும்தான். கையை எப்படி வைத்தாலும் கல்லு போல அங்கேயே நிற்கும். இப்போது பெரிதாகிக் குத்தவும் செய்கிறது. முதுகு தேய்க்கும்போது நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்துதான் ஊருக்கு வரவில்லை. நானும் வலை இழுத்த ஆள்தானே? உனக்குச் சொன்னது எனக்கும் போதும். டிசம்பரில் வருகிறேன்.

மரியஜான்

20.7.2006

அன்புள்ள பெபிஷாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். வாசித்தார், சிரிக்கவில்லை. எனக்குச் சொன்னது உங்களுக்கு ஆகாதாம். பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, டிசம்பர் வரை வைத்திருக்கவும் கூடாது, உடனே வரச் சொல் என்றார். அரபி முதலாளியின் காலைப் பிடித்தாவது வாருங்கள். உங்களை ஆசை தீர ஏச வேண்டும், அதற்காவது வாருங்கள்.

இரண்டு வருடமும், உங்களுக்கு அங்கே வேறொருத்தி இருக்கிறாள் என்று நினைத்து மாதா முன்னால் அழுதேன். அப்படியே இருந்திருக்கக் கூடாதா என்று இன்று அதே மாதாவிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

கிளாரா