அப்பாவும் நானும் கொச்சிக்குப் போனது

புன்னைக்காயல்,
செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகள் ஸ்டெபிக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் தயவில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் முட்டி வலிகூட இரண்டு நாள் ஊர் சுற்றியதில் எங்கேயோ ஓடிவிட்டது, அங்கே நீயும் மாப்பிள்ளை ஆன்றோவும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் வேண்டிக்கொள்கிறேன். போனில்தான் தினமும் முகம் பார்க்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா என் தோளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அவரைப் பற்றிப் பேச வேண்டியதை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது. எதிர்வீட்டு ஜெஸ்டின் வியாழக்கிழமை அயர்லாந்துக்குத் திரும்புகிறான், மக்ரூனும் மாங்காய் ஊறுகாயும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன், மக்ரூன் டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும்.

எங்கள் கல்யாண நாளுக்கு நீங்கள் இரண்டு பேரும் கொச்சியில் ரூம் போட்டு ரயில் டிக்கெட்டும் அனுப்பினீர்களே, அதைப் பார்த்து நான் சந்தோஷப்படவில்லை, பயந்துதான் போனேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம் ஆனாலும் நானும் அவரும் சேர்ந்தாற்போல் இருந்ததைக் கூட்டினால் பத்து வருடம்கூட வராது, அதிலும் நீ எப்போதும் நடுவில் இருந்தாய். தனியாக இரண்டு நாள் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கப்பலை விட்டு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அத்தனை வருடம் போசனாக டெக்கில் ஆட்களை வேலை வாங்கிய மனுஷனுக்கு இப்போது அதட்ட நான் ஒருத்திதான் இருக்கிறேன். கேட்டுக்கு மூன்று முறை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. மிச்சப் பெயிண்டில் குசினி டப்பாக்கள் எல்லாவற்றிலும் சீனி, உப்பு, உளுந்து என்று கப்பல் பெயர் எழுதுவதுபோலக் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார். உளுந்து என்று எழுதிய டப்பாவில் துவரம்பருப்பு இருக்கிறது, அது வேறு கதை.

நீங்கள் டிக்கெட் அனுப்பிய அதே வாரம், கப்பலுக்கு ஆள் அனுப்பும் நேசக்குமார் தூத்துக்குடியிலிருந்து போன் பண்ணினான். ஒன்பது மாத காண்ட்ராக்ட், அனுபவமுள்ள போசன் வேண்டும், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றானாம். அப்பா என்னிடம் அதை மட்டும் சொல்லிவிட்டு, அலமாரி மேலே கிடந்த நீலப் பெட்டியை இறக்கி, துடைத்து, வெயிலில் வைத்தார். ஐம்பத்தெட்டு வயதில் பிரஷர் மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் கடலா? ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. கடலுக்குப் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடுவதும் போகாதே என்று தடுப்பதும் நம் வீட்டில் கிடையாது, சொன்னால் அவர்களுக்கு ஆகாது என்று நான் கல்யாணமாகி வந்த அன்றைக்கே சொல்லித் தந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ரயில் ஏறும்போது என் மனதில் கொச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை, திங்கட்கிழமைதான் இருந்தது.

சரி, கொச்சி கதைக்கு வருகிறேன். ரயிலில் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் உன் அப்பா, கொச்சிக்கு நாப்பது தடவ போயிருக்கேன், கண்ணக் கட்டி விட்டாலும் வழி சொல்லுவேன் என்று ஒரே அளப்பு. நீ போட்ட ரூம் பழைய டச்சுக்காரன் வீடாம், கட்டிலில் ஏற ஒரு படி வேண்டும், அவ்வளவு உயரம். அதன் மாடி வராந்தாவில் அப்பா முதல் வேலையாகப் பையிலிருந்து கயிறு எடுத்துக் கட்டி என் சேலையைக் காயப்போட்டார், ரூம்காரப் பையன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். மத்தியானம் மட்டாஞ்சேரி அரண்மனை பார்க்கலாம், ஆட்டோ எதுக்கு, எனக்குத் தெரியாத சந்தா என்று என்னை நடத்தியே கூட்டிப் போனார். சுக்கு மூட்டை அடுக்கிய ஒரு கிட்டங்கி வாசலை மூன்று முறை கடந்தோம். மூன்றாம் முறை அந்தக் கடைக்காரர் எங்களை உட்காரவைத்து எலுமிச்சை சோடா வாங்கித் தந்தார். அப்போதுதான் இவர் மெதுவாகச் சொல்கிறார், ஏளா, நாப்பது தடவ வந்தது நெசந்தான், ஆனா நான் துறைமுகத்து கேட்டத் தாண்டி ஊருக்குள்ள வந்ததே இல்ல, கேட்டுக்கு வெளிய ஒரு போன் பூத்து இருந்துச்சு, அங்கன நின்னு வீட்டுக்குப் பேசிட்டுத் திரும்பிருவேன் என்று. நான் சிரித்த சிரிப்பில் சோடா மூக்கில் ஏறிவிட்டது. அரண்மனையைக் கடைசியில் ஆட்டோவில்தான் போய்ப் பார்த்தோம், சுவரெல்லாம் என்ன அழகான படங்கள், நீ அனுப்பாவிட்டால் இதையெல்லாம் நான் எங்கே பார்க்கப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாந்தா குருஸ் பசிலிக்காவில் மலையாளப் பூசை கண்டுவிட்டு, எர்ணாகுளத்துக்குத் திரும்பப் படகு ஏறினோம். தண்ணீருக்கு வந்ததும் மனுஷன் ஆளே மாறிவிட்டார். ஊருக்குள் ஒரு சந்து தெரியாதவருக்குக் கடலிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு கிரேனும் தெரிகிறது. துறைமுகம் பக்கம் வரும்போது கை நீட்டி, அந்தா, அங்கனதான் கப்பல் கட்டிக் கிடந்துச்சு, பிள்ள புதுநன்மை எடுத்த அன்னைக்கு என்றார். நீ வெள்ளை கவுன் போட்டு முதல்முதலாக நற்கருணை வாங்கப் பீடத்துக்கு முன்னால் நின்ற நேரத்தில் அவர் அங்கே சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு டெக்கில் தனியாக நின்றாராம். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ராத்திரி ரயில் தூரந்தானே, லீவு கேட்டு வந்திருக்கலாமே என்றேன். அதற்கு அவர், நீ வாங்கன்னு சொல்லிருந்தா கேப்டன் கால்ல விழுந்தாவது வந்துருப்பேன், நீ எதையும் கேக்க மாட்டியே ளா, ஒவ்வொரு தடவ நான் கார்ல ஏறும்போதும் குசினில மிக்ஸி ஓடுத சத்தந்தான் கேக்கும், சரி, நாம கெளம்பினா இவளுக்கு நிம்மதி, அவ சோலியப் பாக்கப் போயிட்டான்னு நெனச்சுக்குவேன், இப்பவும் நான் வீட்ல கெடக்கது உனக்கு எடைஞ்சல்னுதான் நேசக்குமாருக்குச் சரின்னு சொல்லலாம்னு இருக்கேன் என்றார்.

ஸ்டெபி, நான் அழுவது வாசலுக்குக் கேட்டால் அபசகுனம் என்றுதான் அந்த மிக்ஸியைப் போட்டேன். ஜாரில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. அதைப் படகிலேயே வைத்து அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, போவாதீங்க என்றும் சொல்லிவிட்டேன். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. பக்கத்தில் இருந்த மலையாளத்து அம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அப்பா லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உப்புக்காத்து கண்ணு கரிக்குது என்றார். கரை வந்ததும் படகுக்காரன் கயிற்றைத் தளர்வாகக் கட்டிவிட்டான் என்று அவனிடம் போய்ச் சண்டை போட்டார், அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

நேற்றுக் காலை நான் பக்கத்தில் நிற்கும்போதே நேசக்குமாருக்குப் போன் போட்டு, தம்பி, வீட்ல போவக் கூடாதுன்னு சொல்லிட்டா என்றார். அதோடு விட்டாரா? மீன் விற்க வந்தவளிடம், கோயில் வாசலில், டீக்கடையில், எல்லாரிடமும் பொண்டாட்டி விட மாட்டேங்கா என்று மார்தட்டிச் சொல்லிக்கொண்டு திரிகிறார். தெருவில் தலைகாட்ட வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. நீலப் பெட்டியில் இப்போது உளுந்து இருக்கிறது, வண்டு வராதாம்.

நீ நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே, ஒரு முட்டையாவது அவித்துச் சாப்பிடு. மாப்பிள்ளையிடம் கோபமோ ஆசையோ எதுவானாலும் வாய்விட்டுச் சொல்லிவிடு, என்னைப்போல் மிக்ஸியிடம் சொல்லாதே. ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. மாதா உங்கள் இரண்டு பேரையும் தம் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இன்னும் ஒன்று. நீ அயர்லாந்துக்குக் கிளம்பிய அன்றைக்கு, கார் கதவை மூடும்போது, அம்மா வழியனுப்ப வாசலுக்குக்கூட வராமல் சட்னி அரைக்கிறாள் என்று கோபப்பட்டாயாமே, அப்பா சொன்னார். அன்றைக்கும் ஜாரில் ஒன்றும் இல்லை, கண்ணு. டிசம்பருக்கு வா.

உன் அம்மா,
ஆக்னஸ்