மயில் போட்ட பலகை

3.8.1993
தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார் முதியோர் வகுப்பு ராஜேஸ்வரி டீச்சர். இன்று ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் நான்கு பஸ்களின் பலகைகளைப் படித்தேன். ஒன்றில் எழுத்து குண்டாக, கறுப்பு நிழலோடு. இன்னொன்றில் ஈர்க்குச்சிபோல ஒல்லியாக. அறுபத்தாறு வயதுவரை எனக்கு எல்லாம் வெறும் வண்ணம்தான். மஞ்சள் பலகை, சிவப்பு எழுத்து, மூலையில் மயில் என்றால் எங்கள் ஊர் பஸ். இன்று சத்தமாகவே படித்துவிட்டேன் — த-லை-ச்-சோ-லை! டீக்கடைப் பெருமாள் விடுவாரா? “ஏனுங்க செல்லப்பன், கண்டக்டர் வேலைக்குச் சேந்துட்டீங்களா?”

9.8
என் மனைவி அத்தாயி வகுப்புக்கு வரமாட்டாளாம். “எனக்கு அந்த மயிலு போதுமுங்க.” காசநோய்க்கு ஊசி போட செவ்வாய்தோறும் தனியாகத்தான் சேலம் போய் வருகிறாள்.

16.8
எங்கள் பஸ்ஸுக்குப் புதுப் பலகை! வெள்ளையில் நீல எழுத்து, எல்லாம் ஒரே அளவு. இனி எல்லா பஸ்ஸுக்கும் இப்படித்தானாம். ஒரே மூச்சில் படித்தேன். நொம்ப சந்தோஷம்.

17.8
கடைசி பஸ்ஸிலும் அத்தாயி வரவில்லை.

18.8
காலை பஸ்ஸில் வந்தாள். கண்டக்டர்தான் அடையாளம் கண்டு ஏற்றிவிட்டாராம். விடிய விடிய மழைச் சாரலில், சேலம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாள். “மயிலக் காணோமுங்க. நம்ம பஸ்ஸு வல்லீன்னு இருந்துட்டேன்.”
“யாரையாச்சும் கேக்கறதுக்கென்ன புள்ள?”
“முப்பது வருசமாப் போறவ, எது எங்கூரு பஸ்ஸுன்னு எப்படிக் கேக்கறது?”
முந்தாநாளே நான் பார்த்தேனே. மயில் போய்விட்டது என்று ஒரு வார்த்தை — ஏன் சொல்லாம உட்டேன்? படிச்ச குஷியில அவ நெனப்பே வல்லியே.

24.8
அத்தாயி ஊசிக்குப் போகவில்லை. கூட வருகிறேன் என்றேன். “பஸ்ஸு தெரியாம உக்காந்திருந்தேன்னு ஊரே சிரிச்சது போதுமுங்க. இருமலு கொறஞ்சிருச்சு.”

14.9
இன்றும் போகவில்லை.

19.10
இருமலில் ரத்தம். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். “ஊசிய ஏன் நடுவுல நிறுத்துனீங்க?” என்றார் டாக்டர். அவள் என்னைப் பார்க்கவில்லை.

27.10
“புதுப் பலகை எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டாள். மாத்திரைச் சீட்டின் பின்னால் ஊர்ப் பேரை எழுதிக் காட்டினேன். முதல் எழுத்தை விரலால் தடவினாள். “காலை மடக்கி உக்காந்தாப்புல இருக்குது. அடுத்த வாட்டி நானே பாத்து ஏறிக்குவேன்.”

2.11
அத்தாயியை வெள்ளைத் துணியில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தோம். வாடகை வேன். அதற்குப் பலகை கிடையாது. டிரைவர் இந்தப் பக்கம் வந்ததில்லையாம். ஒவ்வொரு திருப்பத்திலும், “இப்படித்தானுங்களா?” என்று கேட்டார். வழி சொல்லிக்கொண்டே வந்தேன்.