நெற்றியில் வைத்துக் கேட்கிறேன்

அக்கா,

காது கேட்காதவளுக்குப் போய் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கியே, உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா? போனைத் திறந்தால் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. உன் சின்னப் படம், பக்கத்தில் ஒரு கோடு. அதற்குள் நீ ஏதோ சொல்லியிருக்கிறாய். இந்த நாகல் நகரில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், நான் மட்டும் கேட்க முடியாது.

கையில் ஊசி ஏறியிருந்ததால் உன்னால் எழுத முடியவில்லையாம். நான் பஸ் பிடித்துப் பழனி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நீ படிக்கிற காலத்தில் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாயே, டெலிபோனைக் கண்டுபிடித்தவரின் கதை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என்னை இழுத்து உட்காரவைத்து, வாயசைத்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாய். "அவரோட அம்மாவுக்கும் காது கேக்காது புள்ள. நெத்திக்கிட்ட வாய வச்சுப் பேசுவாராம். அவங்களுக்குப் புரியுமாம்!" உடனே என் நெற்றியில் உதட்டைப் பதித்து என்னமோ சொன்னாய். எலும்புக்குள் ஒரு நடுக்கம் ஓடியது. புரியவில்லை என்று உன் மணிக்கட்டைத் தட்டினேன். திரும்பச் சொன்னாய். மறுபடி தட்டினேன். மறுபடியும் சொன்னாய். என் பெயர்தான். அடியாத்தீ, அன்றைக்கு நான் குதித்த குதி!

டெலிபோனைக் கண்டுபிடித்த அவரோட மனைவிக்கும் கேட்காதாம். ஊர் உலகத்தையே பேச வைத்த மனுசனால், அந்தப் போனில் அம்மாவிடமும் பெண்டாட்டியிடமும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. "பாவம்ல?" என்றாய். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

மற்றவர்களெல்லாம் ஒரு தடவை சொல்வார்கள். புரியவில்லை என்றால் கையை ஆட்டி, "ஒண்ணுமில்ல, விடு" என்பார்கள். அம்மாகூட அப்படித்தான். நீ ஒருத்திதான் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

காரியம் முடிந்த அன்று நெய்க்காரப்பட்டியில் உன் வீட்டுக்காரரிடம் போனை நீட்டினேன். "குடு அம்மிணி, கேட்டுச் சொல்றேன்" என்று மாமா வாங்கிக் காதில் வைத்தார். முகம் கோணிப்போனது. குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் துடைத்துப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஒண்ணுமில்ல அம்மிணி, விடு" என்றார்.

எப்படி விடுவேன்? பேச்சை எழுத்தாக்கும் ஆப்பிலும் போட்டுப் பார்த்தேன். உன் மூச்சிரைப்பில் அதற்கு ஒன்றும் பிடிபடவில்லை. இன்னொருவரிடம் கொடுக்கவும் பயமாக இருக்கிறது. அவரும் அதையே சொல்லிவிட்டால் நான் தாங்கமாட்டேன் அக்கா.

அதனால் சத்தத்தை முழுசாகக் கூட்டிப் போனை நெற்றியில் அழுத்திக்கொள்கிறேன். ஈ உட்கார்ந்தது போல லேசாக அதிர்கிறது. உன் மூச்சின் சூடு இல்லை. என் பெயர் வருகிறதா என்று தேடுகிறேன். வருவது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. அதிர்வு நின்றதும், அன்றைக்கு உன் மணிக்கட்டைத் தட்டிய அதே விரலால் திரையைத் தட்டுகிறேன்.

புரியலக்கா.

நீ திரும்பச் சொல்கிறாய்.